மரபணுவும் சம்மதமும்

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் மரபுவளம் சேகரிப்போர் எந்தச் செடியிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. மனித இரத்தத்துக்கோ அந்தச் சம்மதமே ஆதாரம். 2015இல் நிறைவுற்ற ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம், பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேரின் மரபணுத் தகவலைப் பெயர் நீக்கி உலகுக்கெல்லாம் திறந்துவைத்தது. பெயர் நீக்கினால் போதுமா? அத்திட்டத்தின் அமெரிக்கப் பங்கேற்பாளர் சிலரை, தந்தைவழி மரபணுக் குறிகளையும் இணையத்து வமிசாவளித் தகவல்களையும் ஒப்பிட்டு, ஆய்வாளர் 2013இல் அடையாளங் கண்டனர். ஒருவர் அளித்த இரத்தம் அவர் உடன்பிறந்தாரையும் சந்ததியையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகையாகக் கொண்டது நன்று. ஆயினும் நாளை ஓர் ஆய்வுக்குழு இரத்தம் கேட்டுத் தோட்ட லயத்து வாசலுக்கு வருமாயின், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து நிற்கும் தொழிலாளியிடம், துரையின் முன்னிலையிலன்றித் தனியே, தமிழிலேயே, அந்த இரத்தம் எங்கே போகும், எவர் பார்ப்பர், பின்னர் விலகுவது எப்படி என்பவற்றை விளக்கிய பிறகே கையொப்பம் கேட்கவேண்டும்.