நான்கு இறகு இழை, கொஞ்சம் செம்புக் கம்பி... ட்ரவுட் மீனையே ஏமாற்றிய ஆற்றுக் காவலர்!

மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போடுவதுதான் நமக்குத் தெரிந்த மீன்பிடிப்பு. ஆனால் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஓடும் ஏவன் ஆற்றில் ட்ரவுட் பிடிக்கிறவர்கள், இறகைத் தூண்டில் முள்ளில் சுற்றிப் பூச்சி போலச் செய்து வீசுவார்கள். அப்படிப்பட்ட போலிப் பூச்சிகளில் உலகப் புகழ் பெற்றது 'ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்'. அதை உருவாக்கிய ஃபிராங்க் சாயர் விஞ்ஞானி அல்ல. அந்த ஆற்றைப் பராமரித்த காவலர்!

மேலேயா... கீழேயா?

மேஃப்ளை என்ற பூச்சி நம்ம ஊர் ஈசல் மாதிரி. சிறகு முளைத்தால் ஓரிரு நாள்தான் ஆயுள். அதற்கு முன் பல மாதங்கள் தண்ணீருக்குள்ளேயே வளரும். அந்தப் பருவத்துக்குப் பெயர்தான் நிம்ஃப். ட்ரவுட்டுக்கு அதுவே அன்றாடச் சாப்பாடு.

ஆனாலும், மிதக்கும் பூச்சியை வீசுவதுதான் கௌரவம், நீருக்குள் நிம்ஃபை இறக்குவது முறையல்ல என்றார்கள் ஒரு சாரார். ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர் நிம்ஃபுக்காக வாதாடினார். 1938-ல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்காக விவாதமே நடந்தது.

சாயர் தினமும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். பார்த்ததை 1958-ல் 'நிம்ஃப்ஸ் அண்ட் தி ட்ரவுட்' என்று புத்தகமாக எழுதினார்.

எப்படிக் கட்டுவது?

* நூலே வேண்டாம். தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பியை முள்ளில் சுற்றுங்கள். முன்பக்கம் கூடுதலாகச் சுற்றினால் நெஞ்சுப் பகுதி புடைத்து நிற்கும். கம்பியின் கனம் பூச்சியை நீருக்குள் இறக்கும்.

* சேவல் ஃபெசன்ட் பறவையின் வால் இறகில் நான்கு செம்பழுப்பு இழைகளை எடுங்கள். நுனிகள் சற்றே வெளியே நீட்டியிருக்கும்படி, முள்ளின் வளைவில் கம்பியால் கட்டுங்கள். இதுதான் வால்.

* இழைகளையும் கம்பியையும் சேர்த்து முறுக்கி, முள்ளின் காது வரை சுற்றுங்கள். உடம்பு தயார்.

* பிறகு கம்பியைத் தனியே பிரித்து, இழைகளை மட்டும் நெஞ்சின் மேல் பின்னும் முன்னுமாக மடித்து மடித்துக் கட்டுங்கள். விரியப்போகும் சிறகின் உறை போலத் தெரியும். கம்பியை இறுக்கி முடித்துவிடுங்கள்.

கால் எங்கே?

வைக்கவில்லை, மறதியால் அல்ல. இந்த வகை நிம்ஃப் நீந்தும்போது கால்களை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும் என்பதைச் சாயர் கவனித்திருந்தார்.

இன்னொரு சூட்சுமம், அசைவு. நிம்ஃப் மீனின் அருகே வந்ததும் கோலின் நுனியை மெல்ல உயர்த்த வேண்டும். சிறகு விரிக்க மேலே போகும் பூச்சி என்று நம்பி, ட்ரவுட் பாய்ந்து கவ்வும்!

1980-ல் சாயர் இறந்ததும் அதே ஏவன் ஆற்றங்கரையில்தான். அவர் கட்டிக் காட்டிய நிம்ஃபை மட்டும் உலகெங்கும் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.