சிறு முற்றத்திற்கு ஏற்ற குட்டை வெட்சி

இல்லத்தின் முன் இடம் சிறிதாயினும் மலர் காண விழைவோர்க்கு உகந்த செடி குட்டை வெட்சி. இட்லிப்பூ என்று நாம் அழைப்பதும் இதனையே. சிங்கப்பூரில் சாலையோரங்களிலும் அடுக்குமாடி வீடுகளின் அருகிலும் இதனை வேலியாக வளர்க்கின்றனர். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் மண்தரை அரிது. அங்குத் தொட்டியே தோட்டம்.

வெட்சி அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்பும். இரப்பர் செழிக்கும் மண்ணும் பெரும்பாலும் அத்தகையதே. ஆனால் சிமெண்டுச் சுவரை ஒட்டி நட்டால், மழைநீரில் கரைந்துவரும் சுண்ணாம்பு மண்ணின் தன்மையை மாற்றிவிடும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேர் அதனை ஏற்க இயலாது. தளிர் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரம் போதவில்லையெனக் கருதி அடுப்புச் சாம்பல் இடுவோர் உளர். சாம்பல் குறையை மிகுவிக்குமேயன்றி நீக்காது.

ஆதலால் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, நல்ல வெயிலில் நடுக. மக்கிய இலையுரம் இடுக. மஞ்சளித்த செடிக்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். கிளை நுனியிலேயே மொட்டு தோன்றுமாதலின், பூத்து ஓய்ந்த பின்னரே கத்தரித்தல் நன்று.

தொட்டியில் வளர்ப்போர் அடித்தட்டில் நீர் தேங்க விடலாகாது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அங்கே முட்டையிடும். மலர் வளர்க்கும் முற்றம் நோய் வளர்க்கும் இடமாகாது காப்பது நம் அனைவரின் கடமை.