எங்கே காணோம் பாப்பாவை?

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு "அம்மாவைக் காணோமே!" என்று குரலை இழுத்துவிட்டு, சட்டென்று துணியை விலக்கினால் போதும், ஆறு மாதக் குழந்தை வயிறு குலுங்கச் சிரிக்கும். மறுபடி மூடித் திறந்தால் மறுபடி சிரிப்பு. பெரியவர்களுக்கு நாலாவது தடவையிலேயே கை ஓய்ந்துவிடும். குழந்தைக்குப் பத்தாவது தடவையும் புதுசுதான்.

இந்த விளையாட்டை விளையாடியதோடு நிற்காமல் குறிப்பேட்டிலும் எழுதிவைத்த அப்பாக்களில் ஒருவர் சார்லஸ் டார்வின். அவருடைய மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பரில் பிறந்தான். 45-ஆவது நாளில் அவன் நிஜமாகவே சந்தோஷத்தில் புன்னகைத்தான் என்றும், 110-ஆவது நாளில் முகத்தின்மேல் ஒரு துணியைப் போட்டு வெடுக்கென்று இழுத்தபோது அவனுக்குக் குதூகலம் தாங்கவில்லை என்றும் டார்வின் குறித்திருக்கிறார். தன் முகத்தை மூடியிருந்து திடீரென்று காட்டியபோதும் அதே குதூகலம்தான். இந்தக் குறிப்புகளை 1877-இல் 'மைண்ட்' என்ற ஆய்விதழில் கட்டுரையாக வெளியிட்டார். மண்புழுவையும் கொட்டலசிப்பியையும் ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்த கண், தொட்டிலையும் அதே பொறுமையோடு பார்த்திருக்கிறது.

குழந்தை ஏன் சிரிக்கிறது? திடீரென்று முகம் தெரிவதால் வரும் வியப்பு என்றுதான் முதலில் தோன்றும். ஜெரட் பாரட், ஹென்றி கிளைட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1989-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளோடு வழக்கம்போல விளையாடிக்கொண்டே வந்து, இடையில் சில தடவை மட்டும் ஆளை மாற்றினார்கள். ஒளிந்தவர் ஒருவர், வெளியே வந்தவர் வேறொருவர். அல்லது ஒளிந்தவரே வேறொரு பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். வியப்புதான் காரணம் என்றால் அப்போது சிரிப்பு கூடியிருக்க வேண்டும். ஆனால் குறைந்தது. குழந்தை எதிர்பார்த்தது தன் ஆளை, அதுவும் தான் எதிர்பார்த்த இடத்தில். அந்த எதிர்பார்ப்பு பலித்ததில்தான் அதற்கு ஆனந்தம்.

இதே விளையாட்டை உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1976-இல் வேறு கோணத்திலிருந்து பார்த்திருந்தார். தொடக்கத்தில் எல்லா வேலையும் அம்மாவுடையது. ஒளிவது அவர், காணோம் என்பது அவர், வெளிப்படுவதும் அவரே. மாதங்கள் போகப்போகக் குழந்தை தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. துணியை அதுவே இழுக்கிறது. பிறகு தானே மூடிக்கொண்டு, நாம் "எங்கே காணோம் பாப்பாவை?" என்று தேடக் காத்திருக்கிறது. ஒருவர் பேச, மற்றவர் பதில் சொல்ல, மறுபடி முதலாமவர் தொடர்வது என்ற உரையாடலின் முறை, ஒரு சொல்கூடப் பேசத் தெரியாத வயதில் இப்படித்தான் படிகிறது என்பது புரூனரின் கருத்து.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டின் சந்தோஷம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒருவர் ஒன்றை நீட்டுகிறார், மற்றவர் பதில் தருகிறார். சில நொடிகளில் முடிந்துவிடும் காரியம். காதுகுத்து, முதல் பிறந்தநாள், குலதெய்வக் கோயில் மொட்டை எல்லாம் ஆல்பத்தில் நிற்கும். அந்தச் சில நொடிகளைப் படம்பிடிக்க நமக்குத் தோன்றுவதில்லை. ஆய்வாளர்களுக்குத் தோன்றியது.

அந்தப் பதில் வராமல் போனால் என்ன ஆகும் என்பதை உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1978-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தாயும் குழந்தையும் எதிரெதிரே உட்கார்ந்து கொஞ்சி விளையாடுகிறார்கள். பிறகு தாய் சில நிமிடம் முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்கிறார். திட்டவில்லை, விலகிப் போகவில்லை, குழந்தையைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். பதில் மட்டும் இல்லை. குழந்தை முதலில் சிரித்துக் காட்டுகிறது. கையை நீட்டுகிறது. கத்திப் பார்க்கிறது. எதுவும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உடம்பு தளர்ந்து சோர்ந்துபோகிறது. தாய் மறுபடி சிரித்துப் பேசத் தொடங்கியதும் மீண்டு வருகிறது, ஆனால் உடனே முழுதாக இல்லை. கைபேசித் திரையில் முகம் புதைத்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் இந்தச் சோதனையின் காணொளியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

டிரானிக்கின் ஆய்வுகளில் இன்னொரு செய்தி இருக்கிறது. இதைப் பிரசவ அறைகள் எல்லாவற்றிலும் எழுதி ஒட்டலாம். நன்றாகவே பழகும் தாயும் சேயும்கூட எல்லா நேரமும் ஒரே தாளத்தில் இருப்பதில்லை. ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் இருவரும் ஒத்துப்போகிறார்கள். மிச்ச நேரமெல்லாம் தப்பிப்போவதும் திரும்பப் பிடிப்பதும்தான். பசி என்று நினைத்துப் பால் கொடுத்தால் அது தூக்கம். தூக்கம் என்று தட்டிக்கொடுத்தால் அது விளையாட்டு ஆசை. தப்பியதைச் சரிசெய்யும்போதுதான் உறவு உறுதிப்படுகிறது என்கிறார் டிரானிக். குழந்தை எதற்கு அழுகிறது என்றே தெரியவில்லையே, நான் நல்ல அம்மாதானா என்று நடுராத்திரியில் தனக்குள் கேட்டுக்கொள்ளும் பெண்களுக்கு இந்த எண் போய்ச் சேர வேண்டும்.

கண்ணும் குரலும் போலவே தோலும் பதில் சொல்கிறது. மயிருள்ள தோலில், அதாவது கை, முதுகு, தலை போன்ற இடங்களில், மெதுவான வருடலுக்கென்றே ஒருவகை நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதுதான் அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-இல் இதை அளந்து, அதே வேகத்தைத்தான் மனிதர்கள் மிக இதமானதாகச் சொல்கிறார்கள் என்றும் கண்டார்கள். 2016-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் அழகானது. எந்த வேகம் என்று சொல்லிக்கொடுக்காமலே பெற்றோரைக் குழந்தையை வருடச் சொன்னபோது அவர்களுடைய கை இந்த வேகத்தில்தான் நகர்ந்தது. வாழ்க்கைத்துணையை வருடும்போதும் அப்படியே. செயற்கைக் கை ஒன்றை வருடச் சொன்னபோது அந்த நிதானம் போய்விட்டது. யாரும் கற்றுத்தராத ஒன்று நம் கைக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தைக்கும் துணைக்கும் அது ஒன்றேதான்.

அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடப்பதும் இப்படி வழிவழியாக வந்த வித்தைதான். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2013-இல் இதை இதயத்துடிப்போடு சேர்த்து அளந்தது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடங்காத அழுகை, எழுந்து நடக்கத் தொடங்கியதும் தணிந்தது. கைகால் உதறல் நின்றது, இதயத்துடிப்பின் வேகம் இறங்கியது. 2022-இல் அடுத்த கேள்விக்குப் போனார்கள். தோளில் தூங்கிய குழந்தை கீழே கிடத்தியதும் விழித்துக்கொள்கிறதே, ஏன்? பாய் முதுகில் பட்ட நொடியைத்தான் நாம் குற்றம் சொல்வோம். ஆனால் குழந்தையின் இதயத்துடிப்பு அதற்கு முன்னாலேயே, தாயின் உடம்பு விலகத் தொடங்கும்போதே ஏறிவிடுகிறது. ஆகவே ஐந்து நிமிடம் நடங்கள், தூங்கிய பிறகு ஐந்து முதல் எட்டு நிமிடம் அப்படியே வைத்துக்கொண்டு உட்காருங்கள், பிறகு கிடத்துங்கள் என்பது அவர்களுடைய யோசனை. அழுத குழந்தைகளை அசையும் தொட்டிலில் படுக்கவைத்தபோதும் அவை அமைதியாயின. உத்தரத்தில் பழைய புடவையைக் கட்டித் தூளியாட்டும் நம் பாட்டிமார்களுக்கு இதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்காது.

அப்பாக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "ஆம்பளைக்கு என்ன தெரியும், குடுங்க இங்கே" என்று பிள்ளையை வாங்கிக்கொள்ளும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. உடலியல் அதற்கு ஒத்துப்பேசவில்லை. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மனின் குழு, முதல் குழந்தை பெற்ற 80 தம்பதிகளின் ரத்தத்தில் ஆக்ஸிடோசினை அளந்து 2010-இல் வெளியிட்டது. பிரசவத்தோடும் தாய்ப்பாலோடும் சேர்த்தே பேசப்படும் அந்த ஹார்மோன், அப்பாக்களிடமும் அம்மாக்களின் அளவுக்கே இருந்தது. அம்மாக்களிடம் அது கொஞ்சலோடும் வருடலோடும் சேர்ந்து உயர்ந்தது. அப்பாக்களிடம் தூக்கி ஆட்டுவது, கைகாலை இழுத்து விளையாடுவது, பொம்மையைக் காட்டுவது ஆகியவற்றோடு. இன்னொன்றும் தெரிந்தது. கணவன் மனைவி இருவரின் அளவுகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்தன.

பிலிப்பைன்ஸின் செபு நகரில் 624 இளைஞர்களை மானிடவியலாளர் லீ கெட்லர் முதலானோர் தொடர்ந்து கவனித்து 2011-இல் எழுதிய கட்டுரையும் இங்கே சேரும். திருமணமாகி அப்பாவானவர்களிடம் ஆண்களுக்குரிய ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கணிசமாகக் குறைந்தது. நாளுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது இன்னும் குறைவு. இதை ஆண்மைக் குறைவு என்று படிப்பது பெருந்தவறு. பிள்ளையைத் தூக்கும் கைக்கு ஏற்ப ஆணின் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது, அவ்வளவுதான். தோளில் உறங்கும் மகளை இறக்கிவைக்க மனசில்லாமல் கை மரத்துப்போக உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு இது புரியும்.

இதையெல்லாம் கேட்கும் இளம் பெற்றோருக்கு ஒரு சந்தேகம் வரும். இவ்வளவு இன்பம் என்றால் நாங்கள் ஏன் இப்படிச் சக்கையாகிக் கிடக்கிறோம்? நியாயமான கேள்வி. உளவியலாளர் டேனியல் கானமன் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்வுகளாகப் பிரித்து, எப்போது எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டார். பிள்ளைகளைக் கவனிக்கும் நேரம் பட்டியலில் கீழ்ப்பகுதியில்தான் வந்தது, சமையலுக்கும் தொலைக்காட்சிக்கும் கீழே. பிள்ளை வளர்ப்பு வெறும் சுமைதான் என்று சொல்ல இந்த ஆய்வை எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து மேத்யூ வைட், பால் டோலன் இருவரும் கேள்வியை விரித்தார்கள். இன்பமாக இருந்ததா என்பதோடு, செய்ததில் பொருள் இருந்ததா என்றும் கேட்டார்கள். பிள்ளைகளோடு இருந்த நேரம் இரண்டாவது கேள்வியில் மேலே ஏறிவிட்டது. களைப்பும் உண்மை, நிறைவும் உண்மை. சோறூட்ட முக்கால் மணி நேரம் போராடியதில் களைப்பு இருக்கிறது. கடைசி வாயை வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை தன் பருக்கைக் கையால் நம் வாயில் ஒரு வாய் ஊட்டுகிறதே, அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

பிள்ளை வந்த பிறகு கணவன் மனைவிக்குள் என்ன ஆகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மணவாழ்வை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மனின் குழு புதுமணத் தம்பதிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, தாயான பெண்களில் ஏறக்குறைய 67 சதவீதத்தினருக்கு மணவாழ்வின் நிறைவு குறைந்தது. மிச்சமிருந்த 33 சதவீதத்தினருக்கு அது குறையவில்லை, சிலருக்குக் கூடவும் செய்தது. இவர்களை வேறுபடுத்தியது எது? பிள்ளை வருவதற்கு முன்பே, மனைவிமேல் உள்ள பிரியத்தைக் கணவன் வாய்விட்டுச் சொன்னதும், அவளுடைய அன்றாடத்தை, எதற்குச் சிரிப்பாள், எதற்குக் கவலைப்படுவாள் என்பதை அறிந்துவைத்திருந்ததும்.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் காட்மன் ஒரு சிறு அடுக்ககத்தையே ஆய்வுக்கூடமாக்கி வைத்திருந்தார். தம்பதிகள் அங்கே ஒரு நாள் தங்கிச் சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், பேப்பர் படிப்பார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். ஆய்வாளர்கள் தேடியது பெரிய சண்டையை அல்ல. "ஏங்க, இவன் தூங்குற அழகைப் பாருங்களேன்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதைத்தான். ஆறு ஆண்டு கழித்துச் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள், இத்தகைய சின்ன அழைப்புகளில் நூற்றுக்கு 86-க்குப் பதில் தந்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33-க்கு. முந்தானை விலகியதும் சிரிக்கும் குழந்தை எதிர்பார்ப்பதும் இதையேதான்.

துணையின் கை என்ன செய்யும் என்பதற்கு உளவியலாளர் ஜேம்ஸ் கோன் 2006-இல் சாட்சி தந்தார். திருமணமான 16 பெண்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கணுக்காலில் லேசான மின்னதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். தனியாக இருந்தபோது மூளையில் அபாயத்தை உணரும் பகுதிகள் பரபரத்தன. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் தணிந்தன. கணவன் பிடித்தபோது நன்றாகவே தணிந்தன, அதிலும் மணவாழ்வு இதமாக இருந்தவர்களுக்கு மேலும் அதிகமாக. குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொள்ளும் பெற்றோர் கோழைகள் அல்லர்.

ஒன்பது மாதத்தை எட்டும்போது குழந்தையின் பங்கு இன்னும் வளர்கிறது. போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் வாசுதேவி ரெட்டி, பெற்றோரின் குறிப்புகளையும் காணொளிகளையும் கொண்டு குழந்தைகளின் குறும்பை ஆராய்ந்தவர். அம்மாவிடம் பிஸ்கட்டை நீட்டிவிட்டு, அவர் கை அருகில் வந்ததும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பது, ஒருமுறை சிரிக்கவைத்த கோணல் முகத்தை மறுபடி மறுபடி செய்துகாட்டுவது ஆகியவை இந்த வயதிலேயே தொடங்கிவிடுகின்றன. எதிராளி என்ன எதிர்பார்க்கிறார் என்பது தெரிந்தால்தான் ஏமாற்ற முடியும். குழந்தைக்கு அது தெரிகிறது என்கிறார் ரெட்டி.

இப்படி ஒரு குறும்பு நடந்த நாளின் மாலையில் அப்பா வீடு திரும்பியதும் அம்மா சொல்வார்: "இன்னைக்கு உங்க பொண்ணு என்ன பண்ணா தெரியுமா? பிஸ்கட்டைத் தர்ற மாதிரி தந்துட்டுப் பிடுங்கிக்கிட்டா!" இந்தச் சொல்லுக்கு வரும் பதிலையும் அறிவியல் விட்டுவைக்கவில்லை. உளவியலாளர் ஷெல்லி கேபிளின் 2004 ஆய்வின்படி, நல்ல செய்தியை இன்னொருவரிடம் சொன்ன நாளில் மனிதர்களின் மகிழ்ச்சி, அந்தச் செய்தி தந்ததைவிடவும் கூடுதலாக இருந்தது. கேட்டவர் ஆர்வமாகக் கேட்டால் அது மேலும் கூடியது. துன்பத்தைச் சொன்னபோது துணை எப்படி நடந்துகொண்டார் என்பதைவிட, நல்லதைச் சொன்னபோது எப்படிக் கேட்டார் என்பதுதான் உறவின் பிற்கால நலத்தை நன்றாகக் காட்டியது என்று காதல் இணைகளைப் பற்றிய அவருடைய 2006 ஆய்வு சொல்கிறது. "ம்... சரி" என்பதற்கு அதில் மதிப்பு குறைவு. உயர்ந்த மதிப்பு பெற்ற பதில், பையைக் கீழே வைத்துவிட்டு "அப்படியா! அப்புறம் என்ன பண்ணா?" என்று கேட்பது போன்றது.