நாக்கு எந்தப் பக்கம்?

தஞ்சாவூர் ஜங்ஷனை விட்டுக் கிழக்கே கிளம்பும் ரயிலுக்கு இரண்டு வழி. ஒன்று கும்பகோணம், மயிலாடுதுறை. மற்றது திருவாரூர், நாகப்பட்டினம். எதில் போவது என்பது ஓட்டுநர் கையில் இல்லை. எஞ்சினில் ஸ்டீயரிங் ஏது? தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கும், நுனி கத்திபோல் மெலிந்த இரண்டு எஃகுப் பட்டைகள் அதைத் தீர்மானிக்கின்றன. அந்த இடத்தை ‘பாயிண்ட்’ என்பார்கள். பட்டைக்கு ‘டங் ரெயில்’ என்று பெயர், அதாவது நாக்கு. அகலப்பாதையில் அந்த நாக்கு அசையும் தூரம் 115 மில்லிமீட்டர், ஏறக்குறைய அரைச் சாண். அந்த அரைச் சாணில்தான் கும்பகோணமும் திருவாரூரும் பிரிகின்றன.

என் அண்ணன் மகன் இந்தக் கிழக்கு முனையை ஒரு பிளைவுட் பலகையில் கட்டிக்கொண்டிருக்கிறான். 87-ல் ஒரு பங்கு அளவு. உலகமெங்கும் மாதிரி ரயில்காரர்களிடம் அதிகம் புழங்கும் அளவு அதுதான். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு அது கச்சிதம். நம் பாதையோ 1,676; கணக்குப்படி 19.3 வர வேண்டும். “மீட்டர் கேஜ் காலத்துத் தஞ்சாவூரைக் கட்டியிருக்கலாம் சித்தப்பா, 12 மில்லிமீட்டர் பாதை கிட்டத்தட்ட சரியாக இருக்கும்” என்றான். அதுவும் நியாயந்தான். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு முதலில் வந்ததே அகலப்பாதை. 1870-களில் அதைக் குறுக்கி மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து மறுபடி அகலமாக்கினார்கள். எந்தக் காலத்தை மாதிரியாக எடுப்பது என்பதே ஒரு வழக்கு. அதை அவனிடம் விட்டுவிட்டேன்.

என்னிடம் அவன் கேட்டது வேறு. “பாயிண்டைத் திருப்ப எந்த மாதிரி சுவிட்ச் பெட்டி வாங்கலாம்?”

சுவிட்ச் என்றால் சுவிட்ச்தானே, இதில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். திருப்பிவிடுவது டெல்டாக்காரனுக்குப் புதிதா? மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்ததும் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறது. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. இப்படிப் பிரிந்து பிரிந்து, கடைசியில் வயல் மடையில் மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை இந்தப் பக்கம் வைக்கிறோம், அந்தப் பக்கம் எடுக்கிறோம். ஆனால் தண்ணீருக்கும் ரயிலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஷட்டரைப் பாதி தூக்கினால் பாதித் தண்ணீர் போகும். தகராறு இருந்தாலும் விபத்து இல்லை. பாயிண்ட் பாதியில் நின்றால் பாதி ரயில் கும்பகோணத்துக்கும் பாதி திருவாரூருக்கும் போகாது. முன்சக்கரம் ஒரு வழி, பின்சக்கரம் ஒரு வழி என்று தரையில் இறங்கிவிடும். நாக்குக்கு இரண்டே நிலைதான் உண்டு. ரயில்வேயில் அவற்றை ‘நார்மல்’, ‘ரிவர்ஸ்’ என்கிறார்கள். நடுநிலை என்பது அங்கே ஆபத்து.

மாதிரி ரயிலில் நாக்கை அசைக்கும் பழைய முறை, இரட்டைச் சுருள் மோட்டார். பெயர்தான் மோட்டார், சுற்றுவது எதுவும் இல்லை. ஒரு கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தண்டு இடப்பக்கம் பாய்கிறது. மற்றதில் பாய்ந்தால் வலப்பக்கம். வேலை ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த நொடியில் அது மூன்று, நான்கு ஆம்பியர் இழுக்கும். 16 வோல்ட்டில் நான்கு ஆம்பியர் என்றால் 64 வாட். சுருளோ விரல்கனம் இல்லை. அதனால் வீட்டு விளக்குக்குப் போடுவது போன்ற, போட்டால் போட்டபடி நிற்கும் சுவிட்ச் இதற்கு எமன். அழுத்தினால் பாய்ந்து, விரலை எடுத்தால் அறுந்துவிடும் பொத்தான்தான் வேண்டும். அதிலும் விரலை எடுக்க மறக்கலாம். எங்கள் வீட்டில் முதல் சுருள் அப்படித்தான் போயிற்று. வார்னிஷ் கருகிய வாடை சமையலறை வரைக்கும் வந்தது.

இதற்கு ஒரு அழகான மாற்று உண்டு. சுருளுக்கு நேரடியாக மின்சாரம் தராமல், ஒரு மின்தேக்கியில் சேமித்து வைத்து, பொத்தானை அழுத்தும்போது அதை மட்டும் கொட்டிவிடுவது. குழாயை நேராகத் திறந்துவிடாமல் ஒரு குடம் பிடித்து வைத்து வீசுவது மாதிரி. 4,700 மைக்ரோஃபாரட் தேக்கியை 20 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் இருப்பது சுமார் ஒரு ஜூல். நூறு கிராம் பொருளை ஒரு மீட்டர் தூக்க ஆகும் ஆற்றல், அவ்வளவுதான். ஆனால் அது கண்சிமிட்டும் நேரத்தில் கொட்டுவதால் நாக்கு ‘டக்’கென்று தாவுகிறது. விரல் பொத்தானிலேயே கிடந்தாலும் குடம் காலி, சுருள் பிழைத்தது.

சரி, பொத்தானே போதுமே என்றால், பொத்தானுக்கு ஞாபகம் கிடையாது. விரலை எடுத்ததும் பழையபடி எழும்பி நின்றுகொள்ளும். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோம் என்று அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பத்து பாயிண்ட் உள்ள பலகையில் பத்து பொத்தான் ஜோடிகளும் ஒரே மாதிரி பேசாமல் நிற்கும். டாகிள் சுவிட்ச் அப்படியல்ல. அதன் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதுவே பதில். அதற்குத் தோதான மோட்டாரும் உண்டு. மெதுவாகத் திரும்பி, நாக்கு ஒட்டியதும் நகர முடியாமல் முட்டி நின்று, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். முட்டி நிற்கும்போதும் 20 மில்லியாம்பியருக்குள்தான் இழுக்கும் என்பதால் சுடுவதில்லை. ஆறு கால் வைத்த டாகிள் ஒன்று பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் போதும்.

நிஜ ரயில்வேயின் பழைய கேபின்களில் இருந்ததும் இந்த ஞாபகம்தான். ஆளுயர லீவர்கள் வரிசையாக நிற்கும். இழுத்தது இழுத்தபடி, தள்ளியது தள்ளியபடி இருக்கும். 1856-ல் ஜான் சாக்ஸ்பி என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற யோசனை அந்த லீவர்களை ஒன்றோடொன்று பூட்டியது. பாயிண்ட் சரியாகத் திரும்பாமல் சிக்னல் லீவரை இழுக்கவே முடியாது. சிக்னலை இழுத்துவிட்டால் பாயிண்ட் லீவர் அசையாது. பிறகு லீவர் போய் மேசையில் பேனல் வந்தது. சிக்னல் பொத்தானையும் ரூட் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் வழி விழும், தவறி ஒரு விரல் பட்டால் ஒன்றும் நடக்காது. விழுந்த வழி பேனலில் வெள்ளைக் கோடாக ஒளிரும்.

பொத்தானுக்கு ஞாபகம் இல்லையே, அந்த வெள்ளைக் கோடு எப்படி வருகிறது? தண்டவாளத்தின் அடியிலிருந்து. நாக்கைத் தள்ளும் கம்பி வேறு. நாக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லும் கம்பி வேறு, அது நாக்கிலேயே மாட்டியிருக்கும். அதற்கு ஒரு பரீட்சையும் வைக்கிறார்கள். நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே, நுனியிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் துண்டைச் செருகிப் பாயிண்டைத் திருப்புவார்கள். பூட்டு விழக்கூடாது. ‘சரி’ என்ற சேதியும் போகக்கூடாது. மோட்டார் தன் வேலையை முடித்துவிட்டதா என்பது யாருக்கும் கவலையில்லை. நாக்கு ஒட்டியதா என்பதுதான் கேள்வி.

அந்தச் சேதி பொய்யானால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூன் 2 அன்று பார்த்தோம். ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை விழுந்திருந்தது. பாயிண்ட் லூப் லைன் பக்கம் கிடந்தது. அங்கே ஒரு சரக்கு ரயில். 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணை, சிக்னல் ஒயரிங்கில் நடந்த தவறைச் சுட்டியது.

இந்த ஒயரிங் பித்து பிடித்தவர்களால் உலகத்துக்கு ஒரு லாபமும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-ல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்தில், ரயிலுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் ஒரு பக்கம், பலகைக்கு அடியில் தொலைபேசி ரிலேக்களைக் கோத்துக்கொண்டிருந்தவர்கள் மறுபக்கம். ‘ஹேக்கர்’ என்ற சொல் கம்ப்யூட்டர் உலகத்துக்குப் போனது அந்த அடிப்பக்கத்து ஆட்களிடமிருந்துதான். இப்போது தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பலாம். கைபேசியில் விரலால் தேய்த்தே பாயிண்டைத் திருப்பலாம். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கண்ணாடித் திரையில் எல்லாமே வழுவழு என்றிருக்கிறது. சாய்ந்து நிற்கும் டாகிளைத் தடவிப் பார்த்தே இருட்டில் வழி சொல்லலாம்.

கடைசியில் அவன் ஒரு அலுமினியப் பெட்டி வாங்கினான். மூடியில் கிழக்கு முனையின் படத்தை வரைந்து, கோடு பிரியும் இடத்திலேயே டாகிளைப் பதித்தான். கும்பகோணத்துக்கு ஒரு பச்சை, திருவாரூருக்கு ஒரு பச்சை. விளக்குக்கான சேதியை மோட்டாருக்குள்ளேயே இருக்கும் சிறு தொடர்பிலிருந்து எடுத்தான். தயாராகக் கிடைப்பது அதுதான்.

பரீட்சை வைத்தே ஆக வேண்டும் என்றேன். 5 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் செய்தித்தாள் கனம்கூடத் தேறாது. நறுக்கென்று இருக்கட்டும் என்று அவன் உள்ளே போய் ஒரு நெல்மணி எடுத்துவந்து நாக்கின் இடுக்கில் வைத்தான். டாகிளைச் சாய்த்தான். மோட்டார் முனகித் திரும்பியது. நாக்கு நெல்லில் முட்டி நின்றது. அதைத் தள்ள வேண்டிய வில்கம்பி வளைந்துகொடுத்துவிட்டது. மூடியில் கும்பகோணத்துப் பச்சை பளிச்சென்று எரிந்தது.

எஞ்சினை விட்டுப் பார்த்தோம். பச்சையை நம்பிப் போய், நெல்மணிக்குப் பக்கத்தில் குடைசாய்ந்தது. அவன் பலகையைக் கவிழ்த்துப்போட்டு, விளக்கு ஒயரை மோட்டாரிலிருந்து பிடுங்கத் தொடங்கினான்.