உப்பு ஜாடி கசியும் ஊரில் விதை நெல்

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எங்கள் சித்தப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. போன ஆவணியில் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டார். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பச்சை, நடுவில் வெறும் சேறு. வேறு வழியில்லாமல் பக்கத்து ஊரில் விதை கேட்டு வாங்கி மறுபடியும் விட்டார். மூணு வாரம் தள்ளிப் போச்சு. எங்கள் பக்கம் மூணு வாரம் சின்ன விஷயம் இல்லை. ஐப்பசி மழை கொட்டும்போது பயிர் வேர் பிடித்து நின்றிருக்க வேண்டும். பிந்தி நட்டது தண்ணீரில் மூழ்கும்.

"ரகமே சரியில்லப்பா. அடுத்த தடவ வேற ரகம் மாத்திடணும்" என்றார்.

"விதை எங்க வாங்கினீங்க சித்தப்பா?"

"எங்க வாங்கறது? தையில நம்ம நிலத்துல அறுத்ததுதான். முட்டை மிதக்கவிட்டு, உப்புத் தண்ணில போட்டு, கருக்காயெல்லாம் தள்ளிட்டுத்தானே விட்டேன்!"

அதே ரகம் முந்தின வருஷம் நன்றாக விளைந்திருந்தது. பதரையும் கழித்தாகிவிட்டது. பிறகு ஏன் முளைக்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் படித்ததையும் கணக்குப் போட்டுப் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ரகம் வேறு, விதைத் தரம் வேறு

பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். ரகம் என்பது விதைக்குள் இருக்கும் மரபு: எத்தனை நாள் வயது, எவ்வளவு உயரம், உப்பு நிலத்தைத் தாங்குமா என்பதெல்லாம் அதில் அடங்கும். விதைத் தரம் என்பது உங்கள் கையில் இருக்கும் அந்த மூட்டையின் நிலைமை. அதை நாலாகப் பிரிக்கலாம். வேற்று ரகம் கலக்காமல் இருப்பது ஒன்று. கல், மண், பதர், களை விதை இல்லாமல் இருப்பது இரண்டு. முளைக்கும் திறனும் முளைத்த பின் ஓங்கி வளரும் வீரியமும் மூன்று. பூஞ்சையும் பூச்சியும் இல்லாமல் இருப்பது நான்கு.

உப்பு நிலத்தைத் தாங்கும் கோ 43 ரகத்தையோ திருச்சி 1 ரகத்தையோ கொண்டுவந்து கடலோர வயலில் விதைக்கலாம். ஆனால் அந்த மூட்டையில் பாதி விதை செத்திருந்தால் அந்தத் தாங்கும் குணத்தால் ஒரு பயனும் இல்லை. செத்த விதைக்கு ரகம் கிடையாது.

இந்தியாவின் விதைச் சான்றுத் தரப்படி, சான்று பெற்ற நெல் விதையில் சுத்தமான விதை குறைந்தது 98 சதவீதமும், முளைப்பு குறைந்தது 80 சதவீதமும் இருக்க வேண்டும். சாதாரண சாக்கில் வைத்தால் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. காற்றுப் புகாத பையில் அடைத்தால் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரே விதைக்கு, பையைப் பொறுத்து இரண்டு ஈரப்பத அளவு! இதைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது.

அடுப்படியில் இருக்கும் கருவி

எங்கள் சித்தி வீட்டு உப்பு ஜாடி வருஷத்தில் பாதி நாள் கசிந்தே இருக்கும். கடலோரத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். இதற்குப் பின்னால் ஒரு துல்லியமான எண் இருக்கிறது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கல் உப்பில் மெக்னீசியம் உப்புகளும் இருப்பதால் அது இன்னும் சீக்கிரமே கசியும்.

நெல்லும் இதே மாதிரி சுவாசிக்கிற, ஈரம் வாங்குகிற பொருள்தான். சாக்கில் கிடக்கும் நெல், சுற்றியுள்ள காற்றோடு ஒரு சமநிலைக்கு வந்துவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதமாகவே நீடித்தால் நெல்லின் ஈரம் ஏறக்குறைய 14 சதவீதத்தில் போய் நிற்கும். அறுத்த சூட்டில் வெயிலில் காயப்போட்டு 12க்குக் கொண்டுவந்திருந்தாலும் சரி, சாக்கு வழியாகக் கடல்காற்று மெதுவாக அதை 14க்கு ஏற்றிவிடும். ஆக, உங்கள் வீட்டு உப்பு கசிந்தால் பக்கத்து அறையில் இருக்கும் விதையும் ஈரம் வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

12க்கும் 14க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். விதை ஆராய்ச்சியில் ஹாரிங்டன் விதி என்று ஒன்று உண்டு. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிக்கும். ஈரம் 5 முதல் 14 சதவீதம் வரைக்கும் இந்தத் தோராயக் கணக்கு பொருந்தும். இதைத் திருப்பிப் போடுங்கள்: 12 சதவீதத்தில் ஒரு வருஷம் தாங்கும் விதை, 14 சதவீதத்தில் மூணு மாதம்தான் தாங்கும்.

சித்தப்பாவின் நெல் தையில் அறுத்தது, ஆவணியில் விதைத்தது. நடுவில் ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில்தான் சித்திரை, வைகாசி வெக்கையும் கடல்காற்றின் ஈரமும் சேர்ந்து வருகின்றன. யூரியா சாக்கில், சிமென்ட் தரையில், சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்.

ஹாரிங்டன் சொன்ன இன்னொரு கணக்கும் உண்டு. அறையின் வெப்பத்தை பாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பதச் சதவீதத்தோடு கூட்டுங்கள். கூட்டுத்தொகை 100க்குள் இருந்தால் விதை பத்திரம். நம்ம கடற்கரையில் 84 டிகிரி, 75 சதவீதம் என்று வைத்தால் 159. நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவில் 2008ல் திறந்த உலக விதைப் பெட்டகம், நன்றாகக் காயவைத்து அடைத்த விதையை மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பதும் இதே தத்துவத்தில்தான். நமக்கு அந்தக் குளிர் கிடைக்காது. ஆனால் காயவைப்பதும் அடைப்பதும் நம்ம கையில் இருக்கிறது.

முட்டை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இனி அந்த முட்டைக்கு வருவோம். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ உப்பைக் கரைத்தால் புது முட்டை மேலே வந்து, அதன் ஓடு பழைய நாலணா அளவுக்கு வெளியே தெரியும். அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மிதக்கும், பால் நன்றாகப் பிடித்த நெல் அடியில் போகும். வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிற முறை இது. ஜப்பானில் 1882ல் யோகோய் டோகியோஷி என்ற வேளாண் ஆசிரியர் புகுவோகாவில் இதே முறையை உருவாக்கிப் பரப்பினார். இன்றைக்கும் அங்கே இது புழக்கத்தில் இருக்கிறது.

வெறும் தண்ணீரில் போட்டால் முழுப் பதர் மட்டும் மிதக்கும். அரைகுறையாகப் பால் பிடித்தது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் நல்ல நெல்லோடு சேர்ந்து மூழ்கிவிடும். தண்ணீரின் அடர்த்தியை உப்பு போட்டு 1.1 பக்கம் கொண்டுபோனால்தான் அது பிரிந்து மேலே வரும். முட்டை இங்கே ஓர் அளவுகோல், அவ்வளவுதான். அது புது முட்டையாக இருக்க வேண்டும். நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெரிதாகிவிடுவதால் குறைந்த உப்பிலேயே மிதந்து நம்மை ஏமாற்றும்.

"கடல் பக்கத்துலயே இருக்கு, அந்தத் தண்ணியவே மொண்டு வந்தா ஆகாதா?" என்று ஒருவர் கேட்டார். ஆகாது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான் உப்பு, 10 லிட்டரில் 350 கிராம். அடர்த்தி 1.025. புது முட்டை அதில் மூழ்கிவிடும். இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் உப்பு சேர்க்க வேண்டும். செய்யூர் உப்பளத்துப் பாத்தியில் வெயில் செய்கிற வேலையை நாம் வாளியில் செய்கிறோம்.

பிரித்த நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச மறக்கக்கூடாது. உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும். மிச்ச உப்புத் தண்ணீரை நாற்றங்கால் பக்கம் ஊற்றவும் கூடாது.

இப்போது முக்கியமான இடம். முட்டைச் சோதனை பார்ப்பது எடையை. உயிரை அல்ல. தையில் நன்றாகப் பால் பிடித்த நெல், வைகாசியில் சாக்குக்குள் செத்துப்போனாலும் அதன் மாவு உள்ளேயேதான் இருக்கும். கனம் குறையாது. ஆவணியில் உப்புத் தண்ணீரில் போட்டால் அடியில்தான் போகும். சித்தப்பா பதரைச் சரியாகத்தான் கழித்தார். செத்த விதையைக் கழிக்க முட்டைக்கு வழி தெரியாது.

உயிரைப் பார்க்க எளிய வழி: முளைக்கவிட்டு எண்ணுவது

விதைப் பரிசோதனை நிலையத்தில் நெல்லுக்கு 400 விதையை எண்ணி, நூறு நூறாக முளைக்கவிட்டு, 14ஆம் நாள் கடைசிக் கணக்கு எடுக்கிறார்கள். விவசாயிகள் தங்கள் சொந்த விதையையும் அங்கே கொடுத்துப் பார்க்கலாம். வீட்டில் செய்வதானால், மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து, பொறுக்காமல் 100 விதையை எண்ணி, ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, காயவிடாமல் ஒரு வாரம் வையுங்கள். வேரும் குருத்தும் இரண்டும் ஒழுங்காக வந்ததை மட்டும் எண்ணுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 100 விதைக் கணக்கு கொஞ்சம் ஆடும். உண்மையில் 80 சதவீதம் முளைக்கும் மூட்டையிலிருந்து எடுத்தாலும், தற்செயலால் மட்டுமே 72லிருந்து 88 வரை வரலாம். 400 விதை வைத்தால் அந்த ஆட்டம் 76லிருந்து 84க்குள் சுருங்கும். அதனால் 78 வந்தால் பதற வேண்டாம், இன்னொரு நூறு வையுங்கள். 55 வந்தால் அது தற்செயல் இல்லை. அப்போது விதை அளவைக் கூட்டிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். பாதி செத்த மூட்டையில் மீதிப் பாதி கிழடு தட்டியிருக்கும். ஈரத் துணியில் முளைத்தாலும் சேற்றில் திணறும்.

அறுத்த புதிதில் சோதித்து, "முளைக்கலையே" என்று தூக்கிப் போடவும் கூடாது. பல நெல் ரகங்களுக்குச் சில வாரம் உறக்கம் உண்டு. நவரையில் அறுத்ததை உடனே சொர்ணவாரிக்கு விதைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த விதை சாகவில்லை, தூங்குகிறது.

தையிலிருந்து ஆவணி வரை

அறுத்ததும் மெல்லிய பரப்பாகக் காயவைத்து 12 சதவீதம் பக்கம் கொண்டுவர வேண்டும். ஈரமானி இல்லையென்றால் மறுபடியும் உப்புதான். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் பாதி நெல், ஒரு பிடி உலர்ந்த தூள் உப்பு போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கட்டி தட்டிக் கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல், இன்னும் காயவேண்டும். ஒட்டாவிட்டால் அந்த அளவுக்குக் கீழே. ஆனால் விதைக்கு அது மட்டும் போதாது, இன்னும் ஒன்றிரண்டு வெயில் கொடுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு, ஆறவிட்டு, இறுக்கமான மூடி போட்ட டிரம்மில் அடைக்கலாம். காயாததை மட்டும் அடைக்காதீர்கள். உள்ளேயே வெந்து பூஞ்சை பிடிக்கும், அதற்குச் சாக்கே மேல். சாக்கில்தான் வைக்க முடியும் என்றால் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை வெயில் காட்ட வேண்டும். பெரியவர்கள் அமாவாசைக்கு அமாவாசை விதையைக் காயவைத்தார்களே, அதில் நிலவுக்கு எவ்வளவு பங்கு என்பது வேறு விவாதம். ஏறின ஈரத்தை மாதாமாதம் இறக்கியதும், அந்துப்பூச்சியைக் கலைத்ததும், மறந்துபோகாமல் ஒரு நாள் குறித்துக் கொடுத்ததும் உண்மை.

மல்லாட்டை போடுகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். எண்ணெய் வித்து நெல்லைவிடச் சீக்கிரம் கெடும். சான்றுத் தரத்திலேயே அதற்கு ஈரம் 9 சதவீதத்துக்குள், முளைப்பு 70 இருந்தால் போதும் என்றுதான் இருக்கிறது. ஓட்டோடு வைத்து, விதைக்கிற நேரத்தில் உடைப்பதே நல்லது.

இந்தத் தையில் சித்தப்பா அதே ரகத்தைத்தான் எடுத்து வைத்திருக்கிறார். உப்பு பாட்டிலில் பார்த்தோம், ஒட்டியது. இன்னும் இரண்டு வெயில் கொடுத்து மறுபடி பார்த்தோம், ஒட்டவில்லை. மேலும் ஒரு வெயில் காட்டி டிரம்மில் அடைத்து, ஒரு கூடை நெல்லை மட்டும் பழையபடி சாக்கில் அதே மூலையில் வைக்கச் சொன்னேன். "அது எதுக்குப்பா, வீணாப் போகும்?" என்றார். இரண்டையும் ஆடி மாதம் நூறு நூறாக எண்ணிப் பார்த்தால்தான் கெட்டது ரகமா, மூலையா என்று தெரியும். எண்ணியதும் இங்கே எழுதுகிறேன்.