வீட்டு வறுவல் ஏன் துவள்கிறது?

பெங்களூரு: கடையில் வாங்கும் பிரெஞ்சு பிரைஸ் குச்சி போல் நிற்கிறது, வீட்டில் செய்தால் மட்டும் ஐந்தே நிமிடத்தில் துவண்டு விடுகிறதே என்று அங்கலாய்க்கும் தாய்மார்கள் இந்நகரில் ஏராளம். ஒரு கிலோ கிழங்கும் அரை லிட்டர் எண்ணெயும் வீண். பிள்ளைகள் முகம் சுளிப்பது வேறு. சமைப்பவரின் கையைக் குறை சொல்லுமுன், வாங்கி வந்த கிழங்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

ஆவணி, புரட்டாசி வாக்கில் ஹாசன் பக்கத்திலிருந்து புதுக்கிழங்கு வரும். கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரியும். சாம்பாருக்கு அருமை; ஆனால் நீர் அதிகம், மாவு குறைவு. மற்ற மாதங்களில் வரும் ஆக்ரா கிழங்கு, குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்து வருவது. 2 முதல் 4 டிகிரி குளிரில் கிடந்தால் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கும். எண்ணெயில் இட்டதும் உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துக் கசக்கும். கருகியதைத் தின்னாமலிருப்பதே நல்லது. இத்தகைய வறுவலில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாவதை 2002-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டறிந்து அறிவித்தனர்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் இதே வேலையைத்தான் செய்கிறது! அதில் கிழங்கை வைத்திருப்பவர்கள் இன்றே வெளியே எடுத்துவிடலாம். வெளிச்சம் படாத மூலையில், கூடையில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால் சர்க்கரை பெருமளவு குறையும்.

மாவுக்கிழங்கா என்றறிய எளிய சோதனை உண்டு. ஐந்தரை டம்ளர் நீரில் அரை டம்ளர் தூள் உப்பைக் கரைத்துக் கிழங்கைப் போடவும். மூழ்கினால் வறுவலுக்கு, மிதந்தால் குருமாவுக்கு. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வறுவலுக்கென்றே 'குப்ரி பிரைசோனா' என்ற ரகத்தை 2009-ல் வெளியிட்டது. ஆனால் அது ஆலைகளைக் கருதி உருவானது. தள்ளுவண்டிக்காரரிடம் பெயர் சொல்லிக் கேட்டால் சிரிப்பார்.

இனி செய்முறை. சுண்டுவிரல் கனத்தில் நறுக்கி, நீர் தெளியும் வரை அலசி, பழைய வேட்டித் துணியில் பரப்பி நன்றாக உலர்த்த வேண்டும். இங்குதான் பலர் அவசரப்படுகிறார்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெயின் சூடெல்லாம் நீரை விரட்டுவதிலேயே போய்விடும். முகத்தில் தெறிக்கும் அபாயமும் உண்டு.

எண்ணெயில் இரண்டு முறை போட்டெடுப்பது அவசியம். முதலில் மெல்லக் குமிழ் விடும் மிதமான சூட்டில், நிறம் மாறாமல் ஐந்தாறு நிமிடம். உள்ளே வெந்துவிடும். எடுத்து அரைமணி ஆறவிட்டு, எண்ணெயை நன்றாகக் காயவைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொன்னிறமாக மீண்டும் பொரிக்கவும். மேல்புறம் இறுகி மொறுமொறுக்கும். ஒரு ஈட்டுக்கு ஒரு பிடிக்கு மேல் போட்டால் எண்ணெய் சூடு இறங்கிவிடும். உப்பைக் கடைசியில் தூவினால் போதும்.

பள்ளிக்கூட டிபன் டப்பாவுக்கு மட்டும் இது ஆகாது. மூடியில் வியர்க்கும் நீர் மணியடிப்பதற்குள் எல்லாவற்றையும் துவள வைத்துவிடும். அதற்கு உருளைக்கிழங்குப் பொடிமாஸே சரி.