கையெழுத்துக்கு முன் – 9: ஆயிரம் யூனிட்டில் மட்டும் எட்டு சென்ட்

நம் ஊரில் கரண்ட் கனெக்‌ஷனுக்காக யாரும் ஒப்பந்தம் படிப்பதில்லை. படிக்கும் தேவையும் வருவதில்லை. மின்வாரியம் ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பார்கள், முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை கட்டணம் கிடையாது, 500-ஐத் தாண்டினால் பில் எகிறும். இவ்வளவும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். இந்தப் பழக்கத்தோடு ஹூஸ்டனிலோ டாலஸிலோ போய் இறங்குகிற தமிழ்க் குடும்பம், பல இடங்களில் அப்பார்ட்மென்ட் சாவியை வாங்குவதற்கு முன்பே தனக்கான மின்சாரக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொண்டாக வேண்டும்.

டெக்சாஸ் மாநிலம் 1999-ல் சட்டம் இயற்றி, 2002 ஜனவரி 1 முதல் மின் விற்பனையைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. கம்பமும் கம்பியும் மீட்டரும் ஒரு பகுதிக்கு ஒரே நிறுவனத்தின் கையில். ஹூஸ்டனில் அது சென்டர்பாயின்ட், டாலஸ் பக்கம் ஆன்கோர். அந்தக் கம்பி வழியே வரும் மின்சாரத்தை விற்பவர்கள் வேறு. அவர்களில் யாரிடம் வாங்கினாலும் கம்பிக் கட்டணம் மாறாது; கரண்ட் போனால் புகார் செய்ய வேண்டியதும் கம்பிக்காரரிடம்தான். ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் நகரத்தின் சொந்த நிறுவனமே விநியோகிக்கிறது, அங்கே இந்தத் தேர்வுக்கு வேலையில்லை.

போட்டி உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்காக 'பவர் டு சூஸ்' என்ற இணையதளத்தை அரசே நடத்துகிறது. அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் பிளான்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு விலை. அது மாதம் சரியாக 1,000 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கான சராசரி விலை. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் சறுக்குகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்களை எளிமைக்காக நானே வைத்துக்கொள்கிறேன். கம்பிக் கட்டணம் உட்பட யூனிட்டுக்கு 18 சென்ட். மாதம் 1,000 யூனிட்டைத் தொட்டால் பில்லில் 100 டாலர் தள்ளுபடி. 1,000 யூனிட் செலவழித்தவருக்கு 180 டாலரில் நூறு போக 80 டாலர், அதாவது யூனிட் 8 சென்ட். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது இந்த 8 சென்ட்தான். 980 யூனிட்டில் நின்றவருக்குத் தள்ளுபடி இல்லை, பில் 176 டாலர் 40 சென்ட். நம் ஊரில் 500-ஐத் தாண்டிவிடக் கூடாது என்று ரீடிங் நெருங்கும்போது ஃபேனை அணைத்துப் பழகியவர், அங்கே இருபது யூனிட் மிச்சம் பிடித்ததற்காகக் கிட்டத்தட்ட நூறு டாலரை இழக்கிறார். ஒரு பெட்ரூம் வீட்டில் 500 யூனிட்டில் வாழும் இளம் தம்பதிக்கு இந்த பிளானில் எந்த மாதமும் 8 சென்ட் வாய்க்காது. தனி வீட்டுக்காரருக்கு ஆகஸ்டில் ஏசி ஓடி 2,000 யூனிட் ஆனால் சராசரி 13 சென்ட். ஏசியும் ஹீட்டரும் வேண்டாத மார்ச்சில் 1,000-க்குக் கீழே இறங்கினால் மறுபடி 18.

இதைக் கண்டுபிடிக்க வக்கீல் வேண்டாம். ஒவ்வொரு பிளானுக்கும் 'எலெக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள்' என்ற தாளைக் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. 500, 1,000, 2,000 யூனிட்டுகளில் சராசரி விலை என்ன என்று மூன்று எண்கள் அதன் தலைப்பிலேயே இருக்கும். மூன்றும் அருகருகே இருந்தால் நேர்மையான பிளான் என்று எடுத்துக்கொள்ளலாம். நடு எண் மட்டும் பள்ளத்தில் கிடந்தால் விலகிவிடுங்கள் என்பதே என் கருத்து. குறைவாகச் செலவழித்தால் விதிக்கும் கட்டணமும், 'இரவில் இலவசம்' என்று சொல்லிவிட்டுப் பகலில் கூட்டி வாங்கும் விலையும் அதே தாளில்தான் இருக்கும். பகலில் குழந்தையோ வயதான பெற்றோரோ வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு, டெக்சாஸ் கோடையில் இரவு இலவசம் பெரிதாகக் கைகொடுக்காது.

அந்தத் தாளில் இன்னொரு கேள்வி அச்சிட்டிருக்கும்: ஒப்பந்தக் காலத்தில் விலை மாறுமா? 'நிலையான விலை' பிளானிலும் கம்பிக் கட்டணம் மாறினாலோ, புதிய சட்டத்தால் வரியும் கட்டணமும் கூடினாலோ பில் கூடலாம். கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. மாதாமாதம் விலை மாறும் பிளான் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

சந்தை விலை ஏறினால் அந்தச் சுமையை யார் தாங்குவது என்பதை இந்த ஒரு பதில் தீர்மானித்துவிடுகிறது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸ் இதைக் கண்கூடாகப் பார்த்தது. கிரிடி என்ற கம்பெனி மாதம் பத்து டாலருக்குச் சற்றுக் குறைவான சந்தா வாங்கிக்கொண்டு, மின்சாரத்தை மொத்தச் சந்தை விலைக்கே வீடுகளுக்குக் கொடுத்துவந்தது. சாதாரண நாட்களில் அது மலிவுதான். புயலில் மின் நிலையங்களும் எரிவாயு வரத்தும் உறைந்து முடங்க, மொத்தச் சந்தை விலை அனுமதிக்கப்பட்ட உச்சமான மெகாவாட்-ஹவருக்கு 9,000 டாலரில் நாள்கணக்கில் நின்றது. யூனிட்டுக்கு 9 டாலர்! கிரிடிக்கு ஏறத்தாழ 29,000 வாடிக்கையாளர்கள். சில நாள் மின்சாரத்துக்கு ஆயிரக்கணக்கில் பில் வந்த வீடுகள் அவற்றில் இருந்தன. கம்பெனி ஒப்பந்தத்தை மீறவில்லை. சந்தை விலையே உங்கள் விலை என்பதுதான் ஒப்பந்தம். மார்ச்சில் கிரிடி திவாலானது, கட்டாமல் நின்ற பில்களிலிருந்து மக்களுக்கு விடுதலை கிடைத்தது. வீடுகளுக்கு இப்படிப்பட்ட பிளானை விற்கவே கூடாது என்று அந்த ஆண்டே சட்டமும் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் அந்தப் புயலில் இறந்துபோனார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டே, ஹீட்டரைப் போடுவதா வேண்டாமா என்று விலையைப் பார்த்து யோசிக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.

வெளியேறும் வழியையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இடையில் கம்பெனி மாறினால் அபராதம் உண்டு. அது மொத்தமாக ஒரு தொகையாக இருக்கலாம், மீதி மாதம் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்றும் இருக்கலாம். ஆனால் வீடு மாறிப் போகிறவரிடம் அதை வாங்க முடியாது. புதிய முகவரியும், காலி செய்ததற்கான ஆதாரமும் கொடுத்தால் போதும். ப்ராஜெக்ட் முடிந்து வேறு ஊருக்குப் போகும் ஐ.டி. ஊழியர்கள் பலர் இது தெரியாமலே கட்டிவிடுகிறார்கள். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவருக்கு, விதிமுறைத் தாள் கிடைத்த பின் மூன்று வேலை நாள் வரை அபராதமின்றி ரத்து செய்யும் உரிமை உண்டு. அமெரிக்காவில் கடன் வரலாறு இல்லாத புதியவரிடம் டெபாசிட் கேட்பார்கள். தொடர்ந்து 12 பில்களைத் தாமதமின்றிக் கட்டினால் அது வட்டியோடு திரும்ப வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தம் முடிகிற நேரம்தான் அதிகம் ஏமாறும் நேரம். நினைவூட்டல் கடிதங்கள் வரும். அவற்றைக் கவனிக்காமல் விட்டால் மாதாந்திர பிளானுக்கு மாற்றிவிடுவார்கள். விலை பெரும்பாலும் கூடுதல். அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் அபராதமின்றி விலகலாம் என்றாலும், விலகும் வரை அந்த விலைதான். முடிவதற்கு முந்தைய 14 நாட்களுக்குள் மாறினால் அபராதம் கிடையாது. டெக்சாஸில் இருக்கும் வாசகர்களும், அங்கே பிள்ளைகளை அனுப்பியிருப்பவர்களும் இந்த வாரமே பழைய பில்லை எடுத்து, ஒப்பந்தம் முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். நிலையான விலை பிளான் என்றால் அந்தத் தேதி ஒவ்வொரு பில்லிலும் அச்சாகியிருக்கும்.

(தொடரும்)